நீல மெழுகு

ஏப்ரல் 2, செவ்வாய்

அம்மா இதைப் படிப்பாள். போன வருஷ டைரியையும் படித்தாள். படிக்கவே இல்லை என்று மாதாமேல் சத்தியம் செய்துவிட்டு, அதில் இருந்த விஷயத்தையே மத்தியானச் சாப்பாட்டில் பேசினாள். அதனால் எல்லாவற்றையும் இதில் எழுதப்போவதில்லை. அம்மா, படித்தது படித்தாய், இஞ்சி தீர்ந்துவிட்டது, வாங்கி வை.

இன்று ஜூடித் அக்கா வீடு தேடி வந்தார். முன்பு நாங்கள் இருவரும் கிளிட்டஸின் ஆர்கெஸ்ட்ராவில் இருந்தோம். அக்கா பாட்டு, கிளிட்டஸும் நானும் கிட்டார். அக்கா போன வருஷம் பிரிந்து 'கடல்குயில்' என்று சொந்தமாகக் குழு ஆரம்பித்திருக்கிறார்.

"ஜூன் பதிமூணு அந்தோனியார் திருவிழா. வடக்குத் தெருக்காரங்க கிளிட்டஸக் கூப்ட்டிருக்காவ. தெக்குத் தெரு நம்மள. ஒரே மேடை, மாத்தி மாத்தி வாசிக்கணும். நீ வா பிலோமி."

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆனா அந்த எரைச்சல் வரப்படாது. வந்துச்சுன்னா எனக்கு அடுத்த வருசம் கச்சேரி கெடையாது. ஒனக்கும்தான்."

வராது என்றேன்.

ஏப்ரல் 3, புதன்

அந்த இரைச்சலைப் பற்றி ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு அதைத் தொடமாட்டேன்.

இரண்டு வருஷம் முன்பு, இதே அந்தோனியார் திருவிழா, இதே மேடை. சீரியல் லைட்டைப் போட்டார்கள், ஜெனரேட்டர் ஓடியது, என் கிட்டார் 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பித்தது. அதற்கு முன் அது ஒருநாளும் இரைந்ததில்லை. கிளிட்டஸ் பாட்டை நிறுத்தி மைக்கில் சொன்னான்: "மன்னிக்கணும், நம்ம தங்கச்சி கிட்டாருக்குள்ள ஈ பூந்துட்டு." ஊரே சிரித்தது. மேடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அடுத்த பாட்டுக்கு முன்பே என் ஒயரைப் பிடுங்கி, என்னை இறங்கச் சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து நான் ஈ பிலோமி. மீன் வாங்கப் போனால்கூட, "ஈ மொய்க்காத மீனாப் பாத்து எடுத்துக்கோ" என்கிறாள் மீன்காரி பிரகாசி. கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவனை நினைக்காமல் ஒருநாளும் தூங்கியதில்லை. பிரியத்தில் இல்லை. அதே மேடையில் அவன் முகம் சுண்டிப்போவதை நான் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 6, சனி

கோயிலில் பீடம் ஜோடிக்கும் முறை. சனிக்கிழமைதோறும் நானும் அம்மாவும்தான். அம்மா பூ வைக்க, நான் மெழுகுதிரித் தட்டைச் சுரண்டினேன். மாதா பீடத்துக்கு எல்லோரும் நீல மெழுகுதிரிதான் ஏற்றுகிறார்கள். அடிக்கட்டைகள் ஒரு சட்டி நிறைய.

அதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. அண்ணன் ததேயு கப்பலில் இருந்து ஜப்பான் கிட்டார் கொண்டுவந்த புதிதில் அது சத்தம் கூட்டினால் வீல் என்று கத்தும். பிக்கப்பை மெழுகில் முக்கினால் கத்தாது என்று அவனுக்கு யாரோ கப்பலில் சொல்லியிருக்கிறார்கள். பிக்கப் என்பது தந்திக்கு அடியில் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். நான் இந்த நீலக் கட்டைகளை உருக்கி இரண்டு பிக்கப்பையும் முக்கி எடுத்தேன். கத்தல் போயிற்று. கிட்டார் பாட ஆரம்பித்தது.

"கோயில் மெழுகத் திருடுனதுக்குத்தாம்ட்டி மாதா ஒன்ன மேடையில இருந்து எறக்குனா," என்றாள் அம்மா, பீடத்தின் முன்னாலேயே.

ஏப்ரல் 9, செவ்வாய்

திருநெல்வேலி போனேன். டவுனில் பால்வண்ணன் என்று ஒருவர் கிட்டார் வேலை பார்க்கிறார். வெற்றிலை போட்டபடியே பேசுகிறார், பாதி புரியவில்லை. ஆனால் நல்ல வழக்கம் ஒன்று வைத்திருக்கிறார். பிக்கப்பை மாட்டிக் கொடுப்பார், வீட்டில் வாசித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் வேறு மாற்றித் தருவார்.

"எப்டிச் சவுண்டு வேணும் ஒங்களுக்கு?"

இரையக்கூடாது, அழக்கூடாது, அடிவயிற்றில் இருந்து வரவேண்டும் என்று ஏதோ சொன்னேன். அவர் துப்பிவிட்டு வந்து, முதல் செட்டை மாட்டினார். கழற்றிய பழையதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பீடைகளை நான் பார்க்கக்கூட விரும்பவில்லை. பையின் அடியில் திணித்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

முதல் செட் தேறாது. தகர ஷெட்டில் மழை பெய்வதுபோல் இருக்கிறது. டியூப்லைட் போட்டால் இரைகிறது. கீழ்வீட்டு ஆரோக்கியம் மாமா ஏறிவந்து, ஃபேன் காயில் போய்விட்டதா என்று கேட்டார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

இரண்டாவது செட். இரட்டைச் சுருளாம். ஒரு சுருளின் இரைச்சலை இன்னொன்று அடித்துவிடுமாம். உண்மைதான், கப்சிப் என்று இருக்கிறது. ஆனால் கிட்டாரும் சேர்ந்து போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஜூடித் அக்கா கேட்டுவிட்டு, "எரைச்சல் இல்லல்லா, அது போதும்ட்டி," என்றார்.

போதாது. இரையாமல் இருப்பதற்காக நான் மேடை ஏறவில்லை. அவனை மண்ணைக் கவ்வவைக்க ஏறுகிறேன்.

மே 1, புதன்

பெரிய தெருவில் கல்யாண வரவேற்பு. கச்சேரி கிளிட்டஸுடையது. சாப்பிடுவதற்காகப் போனேன் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.

எழுதக் கை கூசுகிறது. அவன் நன்றாக வாசிக்கிறான். விரல் அதே மக்கு விரல்தான், வேகத்தில் தடுமாறுகிறது. ஆனால் அந்தச் சத்தம்! ஒரு தந்தியைத் தொட்டுவிட்டு விடுகிறான், அது அப்படியே நின்று, கொஞ்சம் கரகரத்து, நெஞ்சுக்குள் இறங்குகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரியாணித் தட்டோடு நின்று அவனுக்காகக் கண் கலங்கினேன், தூ!

போனில் பதிவு செய்துகொண்டேன். எதிரியிடம் இருந்தாலும் எனக்கு வேண்டியது இதுதான்.

மே 5, ஞாயிறு

அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அம்மா வாசலில் இருந்து, "என்னட்டி, ஒன் பழைய கேசட்டா?" என்றாள். அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. காதையும் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மே 7, செவ்வாய்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

பால்வண்ணனிடம் இரண்டாவது செட்டைக் கொடுத்துவிட்டு, போனில் இருந்ததைப் போட்டுக் காட்டினேன். "இது மாதிரி வேணும்ணே."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து திரும்பவும் போடச் சொன்னார். "இது கடையில கெடைக்காதும்மா. பழைய ஜப்பான் சரக்குல்லா. அந்தக் காலத்துலயே ரெட்டைச் சுருள் வச்சுச் சுத்துனது. எரையாது, ஆனா உசுரா இருக்கும். யாரு வச்சிருக்கா?"

"அது கிடக்கட்டும். என்னோடதும் ஜப்பான் கிட்டார்தானே?"

"கிட்டாரு ஜப்பான். நான் கழத்துன பிக்கப்பு ஜப்பான் இல்லியே. மலிவுச் சரக்கு, ஒத்தச் சுருளு. லைட்டப் போட்டா ஈ மாதிரி எரையும்."

நான் சிரித்தேன். அதை நானே என் கையால் மெழுகில் முக்கியிருக்கிறேன், மூடியைக் கழற்றிப் பாருங்கள், அடியெல்லாம் நீலமாக இருக்கும் என்றேன்.

"மெழுகா? அதுல மெழுகே இல்லம்மா."

பிளாஸ்டிக் பை ஒரு மாதமாக என் தோள்பையின் அடியிலேயே கிடந்தது. எடுத்துக் கொட்டினேன். மேல்மூடி இரண்டும் என்னுடையதுதான், மஞ்சள் படிந்த பழைய மூடி, ஓரத்தில் அந்தக் கீறல் உட்பட. மூடியைக் கழற்றினால் உள்ளே பளபளவென்று புதுக் கம்பி. ஒரு பொட்டு நீலம் கிடையாது.

இரண்டு வருஷம் முன்பு, திருவிழா சீசனுக்கு முன்னால், "எல்லாரு கிட்டாரையும் ஒண்ணா சர்வீஸுக்குக் குடுத்துருவோம்" என்று வாங்கிக்கொண்டு போனவன் கிளிட்டஸ். குழுத் தலைவர்தான் கொண்டுபோவது வழக்கம். திரும்பி வந்ததிலிருந்துதான் அது இரைந்தது. உப்புக்காற்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனுடைய அந்தச் சத்தத்துக்கும் வயது இரண்டு வருஷம்தான்.

என் பொருளைத் திருடி, திருடியதால் வந்த இரைச்சலுக்கு என்னையே ஊர் முன்னால் சிரிக்கவைத்து, அதே பொருளை வைத்து என்னைக் கண் கலங்கவும் வைத்திருக்கிறான்.

பஸ்ஸில் ஒரு பாட்டி, ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். அழவில்லை பாட்டி, கணக்குப் போடுகிறேன் என்றேன்.

மே 12, ஞாயிறு

நிச்சயமாகத் தெரியாமல் ஒருவன்மேல் பழி போடக்கூடாது. அதனால் இன்று கிளிட்டஸ் வாசிக்கும் இன்னொரு கல்யாணத்துக்குப் போனேன். எனக்கு அழைப்பு இல்லை. நல்ல சேலை கட்டியிருந்தால் யாரும் கேட்பதில்லை.

கச்சேரி முடிந்ததும், பெண்ணின் அப்பா அவனுக்குச் சால்வை போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணே, கிட்டார ஒரு நிமிசம் பிடிச்சுப் பாக்கட்டா?"

அத்தனை பேர் முன்னால் முடியாது என்று எப்படிச் சொல்வான்? கொடுத்தான். ஒரு தந்தியைத் தட்டினேன். என் கை அதை அடையாளம் கண்டுகொண்டது. வாசிக்கிற சாக்கில் பிக்கப் மூடியின் ஓரமாக நகத்தை ஓட்டினேன்.

"என்னா சவுண்டுண்ணே! என்ன பிக்கப் போட்டிருக்கிய?"

"பிக்கப்புல என்ன இருக்கு பிலோமி? எல்லாம் கையில இருக்கு." சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

வெளியே வந்து விளக்கடியில் பார்த்தேன். நகத்துக்குள் நீலம்.

மே 13, திங்கள்

கையைக் கழுவாமலே தூங்கினேன்.

மே 15, புதன்

ததேயு அண்ணன் கப்பலில் இருந்து பேசினான். சொன்னேன். ஊருக்கு வந்து கிளிட்டஸ் கையை ஒடிக்கிறேன் என்று குதித்தான். கையை ஒன்றும் செய்துவிடாதே, கை இருந்தால்தான் அவன் திருவிழா அன்றைக்கு வாசிப்பான் என்றேன். அண்ணன் குதிப்பதை நிறுத்தினான். பிறகு, "ஒன்ன நெனச்சா பயமா இருக்குட்டி," என்றான்.

கோயில் சாமியாரிடம் சொல்லலாம் என்றான். சொன்னால்? நானேதான் அவனுக்கு விலைபேசிக் கொடுத்தேன் என்பான் கிளிட்டஸ். பழைய சாமானுக்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? ஈ பிலோமி சொல்வதையா, சால்வை போர்த்தியவன் சொல்வதையா, எதை நம்புவார்கள்?

மே 21, செவ்வாய்

பால்வண்ணன் மூன்றாவது செட்டை மாட்டிக் கொடுத்தார். சுமார் ரகம். இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன். அந்த மலிவுச் சரக்கைத் தூக்கிப்போடட்டுமா என்றார். வேண்டாம், எனக்கு அது வேண்டும் என்றேன்.

கூடவே, ஈயம் வைத்துக் கம்பி ஒட்டுவது எப்படி என்று கற்றுக்கொடுக்கச் சொன்னேன். ஆபத்துக்கு உதவும் அல்லவா. கம்பியை முதலில் சூடாக்கு, பிறகு ஈயத்தைத் தொடு, உடனே கையை எடு. அவ்வளவுதானாம்.

மே 29, புதன்

வீடெல்லாம் ஈயப் புகை. உடைந்த ரேடியோவை எடுத்து வைத்துக்கொண்டு கம்பிகளை ஒட்டுகிறேன், பிரிக்கிறேன், ஒட்டுகிறேன். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் போவது நல்ல சகுனம் இல்லை. டைரியை மெத்தைக்கு அடியில் மாற்றி வைக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

கொடியேற்றம். நல்ல கூட்டம். கிளிட்டஸ் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் நின்று, கை குவித்து, கண் மூடி ஜெபித்தான். நானும் ஜெபித்தேன். அந்தோனியார் காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர். கண்டுபிடித்துத் தந்துவிட்டீர், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூன் 12, புதன்

கடைசி நவநாள், ஒன்பது நாள் ஜெபம் இன்றோடு முடிந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி, நாளைக்கு மேடை ஏறும் வாத்தியங்களை எல்லாம் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மந்திரித்த வாத்தியம் ராத்திரி கோயிலில்தான் தங்க வேண்டும். பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் தபேலா, டிரம்ஸ், கீபோர்டு எல்லாவற்றையும் அடுக்கினார்கள். கிளிட்டஸின் கிட்டார் என் கிட்டாரின் மேல் சாய்ந்து இருந்தது.

திருவிழாவுக்குப் பீடம் ஜோடிக்க வேண்டும் அல்லவா. எல்லோரும் சாப்பிடப் போனதும், கோயிலைக் கூட்டிப் பூட்டும் கோயில்பிள்ளையிடம் சாவி வாங்கிக்கொண்டேன். பூக்கூடை இன்று கொஞ்சம் கனம். அந்த அறையில் உட்கார்ந்துதான் பூக்களைப் பிரித்துக் கட்டினேன். அவசரமே படவில்லை. நான் இவ்வளவு கவனமாக ஒரு வேலையைச் செய்து வெகுநாளாகிறது.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கோயில்பிள்ளை மூக்கை உறிஞ்சி, "என்னம்மா கருகுன வாடை?" என்றார். மெழுகுதிரியாக இருக்கும் என்றேன்.

பீடம் ரொம்ப அழகாக வந்திருக்கிறது. சம்பங்கியும் சிவப்பு ரோஜாவும்.

ஜூன் 13, வியாழன்

பால்வண்ணனுக்கு மூன்றாவது செட்டைப் பார்சலில் திருப்பி அனுப்பினேன். தேவைப்படவில்லை, நன்றி என்று ஒரு வரி எழுதி வைத்தேன்.

காலையில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். முன்னால் பிரகாசி, அவளுக்கு முன்னால் கிளிட்டஸ். கிளிட்டஸ் உள்ளே போய்ச் சட்டென்று வெளியே வந்துவிட்டான். என் முறை வரும்போது யோசித்துப் பார்த்தேன். சொல்லும்படி எதுவும் என்னிடம் இல்லை. வரிசையைவிட்டு வந்துவிட்டேன்.

மாலை நான்கு மணி போல மேடையில் வாசித்துப் பார்த்தார்கள். வெயில் இருந்தது, லைட் எதுவும் போடவில்லை. கிளிட்டஸ் நெற்றியைச் சுருக்கினான். குமிழைத் திருகினான். ஸ்பீக்கர் பாக்ஸ் சரியில்லை என்று மைக்செட்காரரைத் திட்டினான். பிறகு தந்தியை மாற்றினான். பாவம், நல்ல தந்தி.

சேலைக்கு இஸ்திரி போட வேண்டும். வந்து எழுதுகிறேன்.

ஜூன் 14, வெள்ளி

வடக்குத் தெரு முதலில். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது, கோபுரத்திலிருந்து மேடைவரை சீரியல் லைட் எரிந்தது. கிளிட்டஸ் வெள்ளைக் கோட்டில் முன்னால் வந்து கும்பிட்டு, முதல் தந்தியைத் தொடும் முன்பே வந்துவிட்டது.

ம்ம்ம்ம்ம்.

ஒயரை மாற்றினான். மைக்செட்காரர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். கிளிட்டஸ் இந்தப் பக்கம் திரும்பினான், அந்தப் பக்கம் திரும்பினான். சத்தத்தைக் குறைத்தால் கிட்டார் கேட்கவில்லை, கூட்டினால் இரைச்சல் பாட்டை விழுங்கியது. பாட்டு பாதியில் நின்றது. ஒரு கணம் ஊர் முழுக்க அமைதி, அந்த 'ம்ம்ம்' மட்டும். பிறகு வடக்குத் தெருப் பக்கம் இருந்தே ஒரு குரல்:

"ஏல, ஈ வந்துட்டுல!"

அந்தச் சிரிப்பு! இரண்டு வருஷமாக என் காதில் கிடந்த அதே சிரிப்பு, இப்போது ஆள் மாறி விழுந்தது. நான் சிரிக்கவில்லை. சிரித்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பொறுத்திருந்தேன்.

பிறகு எங்கள் முறை. ஜூடித் அக்கா கண்ணாலேயே மாதாவைக் கும்பிட்டார். அதே லைட், அதே ஜெனரேட்டர். நான் ஒயரைச் சொருகினேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரே ஒரு தந்தியைத் தொட்டு, நிற்கவிட்டேன். அது கடற்கரை வரைக்கும் போயிருக்கும்.

மேடை ஓரத்தில் நின்ற கிளிட்டஸ் அந்த ஒரு சத்தத்தில் கண்டுகொண்டான். முதலில் என் கிட்டாரைப் பார்த்தான், பிறகு தன் கிட்டாரைப் பார்த்தான், பிறகு என்னை. வாயைத் திறந்தான். மைக் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. என்ன சொல்வான்? எதை, யார், யாரிடமிருந்து எடுத்தது என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே அவன் பெயர்தான் வரும். மூடிக்கொண்டான். அந்த வாய் மூடியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இரண்டாவது பாட்டில் தெற்குத் தெரு எழுந்து நின்றது. மூன்றாவதில் வடக்குத் தெருவும்.

ஜூன் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கிளிட்டஸ் வந்தான். கையில் கிட்டார் பெட்டி. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க தம்பி," என்று நாற்காலி போட்டு, இஞ்சி டீயும் கொடுத்தாள்.

அவன் டீயைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பிலோமி, கிட்டாருல ஒரே எரைச்சல். அடுத்த வாரம் ரெண்டு கல்யாணம் இருக்கு. ஒரு நல்ல பிக்கப்பாப் பாத்து மாத்தணும். நீ ரெண்டு மாசமா அலைஞ்சேன்னு கேள்விப்பட்டேன். எது நல்லாருக்கும்?"

பெட்டியை வைத்திருந்த விதத்தில், குத்திக்காட்டுகிறானா, கெஞ்சுகிறானா என்று தெரியவில்லை. நான் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். முதல் செட் தகரம், இரண்டாவது போர்வை, மூன்றாவது சுமார்.

"அப்ப எதுதான் எடுக்க?"

"எதுக்குண்ணே பிக்கப்பு? எல்லாம் கையில இருக்குன்னு சொன்னியளே."

டம்ளரைக் கீழே வைத்தான். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது அம்மா குறுக்கே வந்தாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

"ஏன் தம்பி, முன்ன வச்சிருந்தது நல்லாத்தான இருந்துச்சு? அத எங்க வாங்குனிய? அங்கயே போயி இன்னொண்ணு கேளுங்களேன்."

அம்மா கண் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டைரியை மெத்தைக்கு அடியில் வைத்திருந்தும் படித்துவிட்டாள்.

அவன் எழுந்தான். "வாரேன்மா." "இருங்க தம்பி," என்று அம்மா அடுப்படிக்குப் போனாள். கோயிலிலிருந்து கொண்டுவந்த சட்டியில் கைவிட்டு, நீல மெழுகுக் கட்டைகளைக் கை நிறைய அள்ளிவந்து, அவன் கையைப் பிடித்து அதில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "புதுசு வாங்குனா இதுல முக்கி எடுங்க. எம் மவ அப்டித்தான் செய்வா."

கிளிட்டஸ் ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் மெழுகுமாகத் தெருவில் இறங்கிப் போனான். எதிர்வீட்டில் யாரோ அவனைப் பார்த்து மெல்ல 'ம்ம்ம்' என்றார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மீனை எடுத்துத் திரும்பக் கழுவ உட்கார்ந்தாள்.

"மெழுகு எடுத்தது பாவந்தாம்ட்டி," என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். "அத மட்டும் போயிச் சாமியார்ட்ட சொல்லிட்டு வா."